தாண்ட் மிண்ட் ஊவை ரங்கூன் தமிழர் எப்படிப் படிப்பது?

ஞாயிற்றுக்கிழமை கோயில் வகுப்பில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஐயா, தாண்ட் மிண்ட் ஊவைச் சிலர் வரலாற்றாசிரியர் என்கிறார்கள். சிலர் ஜனாதிபதி தெய்ன் செய்ன் ஆட்சிக்கு ஆலோசனை சொன்னவர் என்கிறார்கள். பழைய கட்டடங்களைக் காப்பாற்ற வந்தவர் என்றும் சொல்கிறார்கள். உண்மையில் அவர் யார்? அவர் புத்தகங்களில் நம்மைப் பற்றி ஏதாவது இருக்கிறதா? எதிலிருந்து தொடங்கலாம்?"

மூன்றும் அவர்தான் தம்பி. ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றைப் பேசினால் ஆள் பிடிபட மாட்டார். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் பெயர். அவருடைய தாத்தா ஊ தாண்டின் பெயருக்கு முன்னால் நிற்கும் 'ஊ' நம் 'திரு' போல மரியாதைச் சொல். பேரன் பெயரின் கடைசியில் வரும் 'ஊ' பெயரோடு ஒட்டியது. மரியாதைச் சொல் என்று நினைத்து அதை வெட்டிவிடாதீர்கள். நம் பிள்ளைகளில் பலர் வெட்டுகிறார்கள்.

ஐராவதி டெல்டாவில் பந்தனாவ் என்ற சிற்றூரில் பள்ளித் தலைமையாசிரியராக இருந்த ஊ தாண்ட், 1961 முதல் 1971 வரை ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச்செயலாளராக இருந்தார். அந்தப் பதவிக்கு வந்த முதல் ஆசியர் அவர். அவருடைய மகள் வயிற்றுப் பேரன்தான் தாண்ட் மிண்ட் ஊ. 1966இல் நியூயார்க்கில் பிறந்து தாத்தா வீட்டில் வளர்ந்தவர். பர்மாவை முதலில் பார்த்தது எட்டு வயதில், தாத்தாவின் உடலை அடக்கம் செய்ய வந்தபோது.

அந்த நாட்களை நான் மறக்கவில்லை. எனக்கு அப்போது இருபது வயது. ஊ தாண்ட் 1974 நவம்பர் 25ஆம் தேதி இறந்தார். உடல் ரங்கூனுக்கு வந்தது. ராணுவ ஆட்சியாளர் நே வின்னின் அரசு எந்த மரியாதையும் கொடுக்கவில்லை. டிசம்பர் 5ஆம் தேதி கியைக்கசான் பந்தய மைதானத்தில் வைத்திருந்த சவப்பெட்டியை மாணவர்கள் பல்கலைக்கழகத்துக்குத் தூக்கிப்போனார்கள். 1962இல் ராணுவம் வெடிவைத்துத் தகர்த்த மாணவர் சங்கக் கட்டடம் நின்ற இடத்திலேயே அவருக்குச் சமாதி கட்டத் தொடங்கினார்கள். 11ஆம் தேதி விடியுமுன் ராணுவம் உள்ளே நுழைந்து உடலை எடுத்துப்போய் ஷ்வேடகோன் பகோடா பக்கத்தில் புதைத்தது. ஊரில் ராணுவச் சட்டம் வந்தது. கொன்சேடான் தெருவில் எங்கள் வீட்டுக் கதவு அன்று முழுக்கத் திறக்கவில்லை. "இது அவங்க சண்டை, நாம எட்டிப் பார்க்கக்கூடாது" என்று அப்பா சொன்னார். பத்து வருஷத்துக்கு முன்னால் பெரியப்பா குடும்பம் கப்பலேறிப் போனதைப் பார்த்தவர் வேறென்ன சொல்வார்? அந்த எட்டு வயதுப் பையனும் அதே நாட்களில் இதே ஊரில் இருந்தார் என்பது பின்னாளில் அவர் புத்தகத்தைப் படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

படிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஹார்வர்டில் இளங்கலை, ஜான்ஸ் ஹாப்கின்ஸில் முதுகலை, 1996இல் கேம்பிரிட்ஜில் வரலாற்றில் முனைவர் பட்டம். அங்கே டிரினிட்டி கல்லூரியில் சில வருஷம் ஆய்வாளராக இருந்து பாடமும் நடத்தினார். நடுநடுவே வேறு வேலை ஓடிக்கொண்டே இருந்தது. 1988 ஜனநாயக எழுச்சிக்குப் பிறகு தாய்லாந்துக்குப் போய், நம் நாட்டிலிருந்து தப்பிவந்தவர்களோடு இருந்தார். 1992, 93இல் ஐ.நா. அமைதிப் பணியில் கம்போடியா, 1994இல் போர் நடந்துகொண்டிருந்த சராயெவோ. 2000க்குப் பிறகு நியூயார்க் தலைமையகத்தில் சில ஆண்டுகள். அரசு என்பது எப்படி உடைகிறது என்பதை ஏட்டிலும் பார்த்தார், தெருவிலும் பார்த்தார். அவர் எழுத்தில் அந்த இரண்டு பார்வையும் கலந்தே வரும்.

இனி முக்கியமான விஷயம். அவர் புத்தகங்கள் எல்லாம் ஆங்கிலத்தில்தான், தலைப்புகளைத் தமிழாக்கிச் சொல்கிறேன். 2001இல் வந்த முதல் புத்தகம் 'நவீன பர்மாவின் உருவாக்கம்'. முனைவர் பட்ட ஆய்விலிருந்து வளர்ந்தது, படிக்கக் கொஞ்சம் கரடுமுரடு. ஆனால் பிற்பாடு அவர் எழுதிய, பேசிய எல்லாவற்றுக்கும் வேர் அதில்தான் இருக்கிறது.

பர்மா வரலாற்றைப் பள்ளிக்கூடத்தில் நமக்கு எப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள்? மன்னர்கள் ஆண்டார்கள், வெள்ளைக்காரன் பிடித்தான், ஆங் சான் விடுதலை வாங்கினார், முடிந்தது. தாண்ட் மிண்ட் ஊ கேட்பது வேறு. பிடித்தவன் எதை உடைத்தான், உடைந்த இடத்தில் எதை வைத்தான்? 1853 முதல் 1878 வரை ஆண்ட மிண்டோன் மன்னர் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. நாணயம் அடித்தார், தந்தி போட்டார், அதிகாரிகளுக்குச் சம்பளம் நிர்ணயித்தார், வரிமுறையை மாற்றினார். கீழ்ப் பர்மா ஏற்கெனவே ஆங்கிலேயர் கையில் போய்விட்டதால் நெல்லும் வருமானமும் குறைந்த நிலையில் இதையெல்லாம் செய்ய வேண்டியிருந்தது. 1885இல் திபோ மன்னரை ரத்னகிரிக்கு நாடுகடத்திய ஆங்கிலேயர் அவருடைய இடத்தில் இன்னொரு இளவரசரை உட்கார வைக்கவில்லை. இந்தியாவில் நிஜாமையும் மைசூர் மகாராஜாவையும் வைத்துக்கொண்டவர்கள் இங்கே அரசையே அடியோடு எடுத்துவிட்டார்கள். 1886 ஜனவரி 1ஆம் தேதி மேல் பர்மாவும் பிரிட்டிஷ் ராஜ்யத்தில் சேர்ந்தது. மன்னர் போனதோடு அரண்மனையும் பிரபுக்களும் போனார்கள். தலைமுறை தலைமுறையாக ஊர்களை நடத்திவந்த ம்யோதுஜி குடும்பங்களும் போயின. அவர்கள் இடத்தில் கிராமத்துக்கு ஒரு சம்பளத் தலைவர் வந்தார். மேலே ஒரு நிர்வாகம், கீழே ஒரு கிராமம், நடுவில் யாரும் இல்லை. அரசுக்கு மக்களிடம் வேர் இல்லாத இந்த நிலையைச் சுதந்திரத்துக்குப் பிறகு ராணுவம் நிரப்பிக்கொண்டது. அவர் வாதத்தை என் வார்த்தையில் சுருக்கினால் இவ்வளவுதான்.

இதில் நமக்கு என்ன? நிறைய இருக்கிறது. மன்னரும் அரண்மனையும் இருந்தவரை, மன்னருக்கு யார் என்ன ஊழியம் செய்கிறார் என்பதும் ஒருவரின் அடையாளமாக இருந்தது. அவை போன பிறகு மொழியும் மதமும் இனமும்தான் மிஞ்சின. வெள்ளைக்காரனின் சென்சஸ் அதற்குக் கட்டம் போட்டுக் கொடுத்தது. அந்தக் கட்டத்துக்குள் லட்சக்கணக்கில் நாம் கப்பலில் வந்து இறங்கினோம். 1931 சென்சஸில் ரங்கூனின் மக்கள்தொகை 4,00,415. அதில் இந்தியர் 2,12,929. பாதிக்கும் மேல்! தலைநகரத்தில் பர்மியர் சிறுபான்மை. இதை நம் பெரியவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். "மொகல் தெருவில் பர்மியச் சொல்லே காதில் விழாது" என்று தாத்தா சொல்லுவார். மறுபக்கத்தில் நின்று பார்த்தால் அது எப்படிப்பட்ட காயம் என்பதை எனக்குப் புரிய வைத்தவர்களில் இவர் ஒருவர்.

தாத்தா மொகல் தெருவில் ஒரு கிட்டங்கியில் சமையல்காரர். செட்டியார்கள் தங்கிக்கொண்டே வட்டித்தொழில் நடத்திய இடம் கிட்டங்கி என்பது உங்களுக்குத் தெரியும். 1930 வாக்கில் பர்மாவில் சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்ததாக அன்றைய வங்கி விசாரணைக் குழு கணக்கெடுத்தது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் அப்போது அவர்கள் கைவசம் இருந்த நிலம் 6 சதவீதம். நெல் விலை பாதியாகச் சரிந்தது, கடன் கட்ட முடியாத விவசாயி நிலத்தை விட்டான். 1938க்குள் அது 25 சதவீதம் ஆனது. செட்டியார் நிலத்துக்கு ஆசைப்பட்டு வரவில்லை, அவருக்கு வேண்டியது ரொக்கம்தான் என்று எங்கள் பக்கத்தில் சொல்வோம். அது உண்மையும்கூட. ஆனால் டெல்டா விவசாயிக்கு அந்த வித்தியாசம் வயிற்றை நிரப்பாது. 1930இலும் 1938இலும் நடந்த கலவரங்கள், 1942இல் ஜப்பானியர் வந்தபோது இந்தியாவுக்கு நடந்தே போனவர்கள், 1948இன் நில தேசியமயச் சட்டம், 1964இல் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போனது, எல்லாவற்றையும் இந்த ஒரே கயிற்றில் கோத்துப் பார்க்கலாம். நே வின் கெட்டவர், அதனால் நம்மை விரட்டினார் என்ற ஒற்றை வரிக் கதை போதாது.

இங்கே அவர் மீது எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. நான் படித்தவரையில் அவர் எழுத்தில் நாம் பெரும்பாலும் எண்ணிக்கையாகவும் வகுப்பாகவும்தான் வருகிறோம். வட்டிக்காரர், கூலி, துறைமுகத் தொழிலாளி. மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கி, அதைக் கழிக்கவே வருஷக்கணக்கில் மூட்டை தூக்கிய ஆளின் பெயர் இல்லை. தட்டோன், மோல்மீன் பக்கம் நிலத்தை உழுது அங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் கிராமத்தான் இல்லை. அரசியல் வரலாறு எழுதுகிறவரின் கண் கோட்டையையும் தலைமைச் செயலகத்தையும் பார்க்கும், சமையல்கட்டை எட்டிப் பார்க்காது. தமிழ் மூலங்களைத் தேடாத குறை அது. அவரைக் குற்றம் சொல்லி என்ன பயன், தமிழில் எழுதி வைக்காத குறை நம்முடையது.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது, விலகிப்போனாலும் பரவாயில்லை. பகானில் மியின்கபா பக்கம் கிடைத்த 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. மேலே சமஸ்கிருதச் சுலோகம், கீழே தமிழ். நானாதேசி விண்ணகர் ஆழ்வார் கோயிலுக்கு மகோதயர்பட்டணத்துக் குலசேகர நம்பி மண்டபமும் கதவும் விளக்கும் கொடுத்த செய்தி அது. 1982 குடியுரிமைச் சட்டம் 1823க்கு முன் இங்கே வேர்விட்ட இனங்களைத்தான் முழுக் குடிமக்களாக வைக்கிறது. அப்பா கடைசிவரை வெளிநாட்டார் பதிவுக் கார்டைத்தான் சட்டைப்பையில் வைத்திருந்தார், அவர் பிறந்தது பெகுவில் என்றாலும். 1823க்கு ஆறு நூற்றாண்டு முன்பே பகானில் தமிழில் வெட்டிய கல் இருக்கிறது என்று நான் சொன்னபோது, "கல்லுக்கு கார்டு குடுப்பாங்களாடா?" என்று கேட்டார்.

சரி, வழிக்கு வருகிறேன். 2006இல் வந்தது 'தொலைந்த காலடிகளின் ஆறு'. மன்னரின் தலைநகர் மண்டலேயின் வீழ்ச்சியில் தொடங்கி நாட்டின் கதையையும் தன் குடும்பக் கதையையும் சேர்த்துப் பின்னியது. அவரை உலகம் அறிந்தது இதன் மூலம்தான். பொதுவாழ்வும் இங்கிருந்துதான் சூடு பிடித்தது. அந்தக் காலத்தில் ராணுவ ஆட்சியை மேற்குலகம் பொருளாதாரத் தடையால் நெருக்கிக்கொண்டிருந்தது. 2003இல் அமெரிக்கா பர்மியப் பொருள்களை இறக்குமதி செய்வதையே தடுத்தது. இங்கே தையல் ஆலைகளில் வேலை பார்த்த பெண்கள் வீடு திரும்பினார்கள். தடைகள் ஆட்சியை அசைக்காது, நாட்டைத் தனிமைப்படுத்திச் சீனாவின் பக்கம் தள்ளும், தனிமையில்தான் இந்த ராணுவம் கொழுத்தது என்று அவர் எழுதினார். நாடுகடந்து வாழ்ந்த போராளிகளுக்கு அது துரோகமாகப் பட்டது. ஊ தாண்டின் பேரனா இப்படிப் பேசுவது என்று கேட்டவர்கள் உண்டு. 1885ஐப் பற்றி அவர் எழுதியதைப் படித்தவருக்கு அதில் ஆச்சரியம் இருக்காது. வெளியிலிருந்து ஒரே அடியில் உடைத்தால் என்ன மிஞ்சும் என்பதைத்தானே அவர் ஆராய்ந்தார்.

2011இல் 'சீனாவும் இந்தியாவும் சந்திக்கும் இடம்' வந்தது. யுன்னானிலும் இந்தியாவின் வடகிழக்கிலும் சுற்றி எழுதிய பயணநூல், வேகமாகப் படித்துவிடலாம். அதே ஆண்டு தெய்ன் செய்ன் ஜனாதிபதி ஆனார், கதவு கொஞ்சம் திறந்தது. தாண்ட் மிண்ட் ஊ ஜனாதிபதியின் பொருளாதார, சமூக ஆலோசனைக் குழுவில் உறுப்பினரானார். ஆயுதக் குழுக்களோடு பேச்சுவார்த்தை நடத்திய மியன்மார் அமைதி மையத்துக்கும் ஆலோசகராக இருந்தார். 2015 அக்டோபரில் எட்டுக் குழுக்கள் போர்நிறுத்தத்தில் கையெழுத்திட்டன. பெரிய குழுக்கள் பல வெளியே நின்றன.

வரலாற்றாசிரியர் ஆட்சியாளர் பக்கத்தில் போய் உட்காரலாமா என்று கேட்பீர்கள். ரங்கூனுக்கு இது புதிது இல்லை. ஐ.சி.எஸ். அதிகாரியாக வந்து, 1910இல் பர்மா ஆய்வுச் சங்கத்தைத் தொடங்கிய ஃபர்னிவால், 1948இல் பிரதமர் ஊ நூவின் அரசுக்குத் திட்ட ஆலோசகராகத் திரும்பி வந்து 1960 வரை இருந்தார். பல இனத்தார் சந்தையில் மட்டும் கலந்து மற்றபடி தனித்தனியாக வாழும் 'பன்மைச் சமூகம்' என்ற கருத்தைச் சொன்னவர் அவர்தான். நம்மையும் சீனரையும் பர்மியரையும் இந்த ஊரில் நேரில் பார்த்தவர். அவருடைய ஆலோசனையும் பாதிதான் கேட்கப்பட்டது. இன்னொரு பக்கம் 'தான் துன்' என்ற பர்மிய வரலாற்றாசிரியர் இருந்தார். 2005இல் இறந்த அந்தப் பெரிய மனிதர் பகான் கல்வெட்டுகளிலும் மன்னர்களின் ஆணைகளிலும் வாழ்நாளைக் கழித்தார். அந்த ஆணைகளைப் பத்துத் தொகுதிகளாகக் கொண்டுவந்தார். அறிஞர் என்ற முறையில் என் மனம் 'தான் துன்' பக்கம்தான் சாயும். ஆனால் தாண்ட் மிண்ட் ஊ செய்த வேலையை அவர் செய்திருக்க முடியாது.

அந்த வேலையில் நான் கண்ணால் பார்த்தது கட்டட விஷயம். 2012இல் யாங்கோன் (ரங்கூனின் இன்றைய பெயர்) பாரம்பரிய அறக்கட்டளையைத் தாண்ட் மிண்ட் ஊ தொடங்கினார். 1852 போருக்குப் பிறகு ஆங்கிலேயர் கட்டம் கட்டமாக வகுத்த நகரம் இது. ராணுவம் 2005இல் தலைநகரத்தை நேப்பிடோவுக்குக் கொண்டுபோன பிறகு அரசுக் கட்டடங்கள் காலியாகக் கிடந்தன. காசு உள்ளே வரத் தொடங்கியதும் இடித்துவிட்டு மாடி எழுப்பும் அவசரம் வந்தது. ஊர்வலம் எதுவும் நடத்தாமல் வரைபடத்தைத் தூக்கிக்கொண்டு அமைச்சர்களிடம் போனார். கட்டடங்களின் பட்டியல் தயாரானது, சிலவற்றின் வாசலில் நீலப் பலகை ஏறியது. 2014 நவம்பரில் ஒபாமா வந்தபோது ஆங் சான் சுட்டுக்கொல்லப்பட்ட பழைய தலைமைச் செயலகத்தைச் சுற்றிக் காட்டியவர் இவர்தான். ஷ்வேடகோன் அருகே எழவிருந்த பெரிய கட்டடத் திட்டங்கள் 2015இல் ரத்தாயின. எதிர்த்தவர்களில் இந்த அறக்கட்டளையும் உண்டு.

இது பணக்காரர் பொழுதுபோக்கு என்று சொன்ன நம்மவர்களும் உண்டு. கூரை ஒழுகும் மூன்றாம் மாடியில் குடியிருப்பவனுக்குப் பாரம்பரியம் என்ன செய்யும் என்பது நியாயமான கேள்வி. நானும் அப்படி ஒரு மாடியில்தான் இருக்கிறேன். ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். 1871இல் எழுந்த நம் காளியம்மன் கோயில், சோலியா பள்ளிவாசல், யூதர் கோயில், சீனர் கோயில், சூலே பகோடா எல்லாம் ஒரு நடைக்குள் இருக்கும் ஊர் இது என்பதையும், இந்தக் கலப்பு வெட்கப்பட வேண்டியது இல்லை என்பதையும் பர்மியர் ஒருவர் பர்மியரிடமே சொல்ல வேண்டியிருந்தது. நாம் சொன்னால் 'கள' (இந்தியரை இகழ்ந்து சொல்லும் பர்மியச் சொல்) தன் சொத்துக்குப் பேசுகிறான் என்பார்கள். அவர் சொன்னதால் கேட்டார்கள், கொஞ்ச காலமாவது.

2018இல் ஆசியான் நாட்டுக்கு ஒருவர் என்று பத்துப் பேருக்கு இந்தியா பத்மஸ்ரீ கொடுத்தபோது நம் நாட்டிலிருந்து இவர் பெயர் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்யாக்கள் வங்கதேசத்துக்கு ஓடினார்கள். 2019இல் எழுதிய 'பர்மாவின் மறைந்த வரலாறு' அந்தக் கசப்போடுதான் வந்தது. தேர்தலையும் சமாதானத்தையும் பேசியவர்கள் 'தைங்யிந்தா' என்ற மண்ணின் மைந்தர் கணக்கையும், நாலு பேர் கையில் குவியும் பணத்தையும் தொடவே இல்லை என்பது அதன் சாரம். தானும் அந்த ஆட்சிக்கு ஆலோசனை சொன்ன ஆள் என்பதால் அதில் தன் மீதே கேள்வி இன்னும் கூர்மையாக விழுந்திருக்கலாம் என்று எனக்குப் படுகிறது. வெளிநாட்டார் கண்ணை மூடிக்கொண்டு ஆங் சான் சூகியைத் தூக்கி வைத்ததைப் பற்றிப் பக்கம் பக்கமாக வருகிறது, ஆலோசனைக் குழுக்கள் எங்கே தவறின என்பது சுருங்கிவிடுகிறது. ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்த 2021 பிப்ரவரி 1க்குப் பிறகு அந்தப் புத்தகத்தை இன்னொரு தரம் எடுத்தேன். பாதி இடங்களில் பென்சிலால் கோடு போட்டேன். ஆட்சிக்கவிழ்ப்புக்குப் பிறகு வெளிநாட்டு இதழ்களில் எழுதியபோது பழைய ஏற்பாட்டுக்குத் திரும்பும் வழி இனி இல்லை என்று அவரே சொல்லிவிட்டார்.

2025இல் தாத்தாவைப் பற்றிய புத்தகமும் வந்துவிட்டது. கியூபா ஏவுகணை நெருக்கடி, காங்கோ, வியட்நாம் எல்லாம் அதில் உண்டு. நம் நாட்டைவிட உலகம்தான் அதில் அதிகம், பேரன் எழுதியது என்பதை மனதில் வைத்துப் படியுங்கள்.

எதிலிருந்து தொடங்குவது? 'தொலைந்த காலடிகளின் ஆறு'. கதைபோல ஓடும். அடுத்து 2019 புத்தகம், அதில் ரங்கூனின் குடியேறிகளைப் பற்றிய பகுதியை வகுப்புப் பிள்ளைகளோடு சேர்ந்து படியுங்கள், தைங்யிந்தா என்ற சொல்லை நிறுத்தி விளக்குங்கள். 2001 புத்தகத்தை அவசரப்படாமல் கடைசியில் எடுங்கள். என்னிடம் மூன்றும் இருக்கின்றன, முதல் புத்தகத்துக்கு மட்டும் அட்டை இல்லை. வந்து வாங்கிக்கொள்ளலாம்.

வரும்போது பிள்ளைகளிடம் சொல்லி, வீட்டில் கிடக்கும் பழைய பதிவுக் கார்டு, கப்பல் சீட்டு, கிட்டங்கிக் கணக்கு, ரங்கூன் ஸ்டூடியோவில் எடுத்த படம் எது இருந்தாலும் போனில் படமெடுத்து வரச் சொல்லுங்கள். மழை தொடங்குவதற்குள் செய்துவிட்டால் நல்லது. போன வருஷம் எங்கள் மாடியில் இரண்டு பெட்டியைக் கரையான் தின்றுவிட்டது.